மூன்று அம்பு, ஒரு பகடை

போன மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கொலை நடந்தது. பயந்துவிடாதீர்கள், செத்தது ஒரு மந்திரவாதி. அதுவும் காகிதத்தில். ஆனால் அந்தக் காகிதக் கொலையால் மூன்று வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேர் இப்போது பேசிக்கொள்வதில்லை. அதனால்தான் செமஸ்டர் நெருங்கும் நேரத்தில் காஸ்ட் அக்கவுண்டிங்கை மூடி வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு விளையாட்டு. ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடர் பார்த்தவர்களுக்குப் பெயராவது தெரிந்திருக்கும். ஒருவர் கதை சொல்வார், அவர்தான் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம்: வீரன், திருடன், மந்திரவாதி இப்படி. அடி விழுந்ததா, எவ்வளவு வலித்தது என்பதையெல்லாம் பகடை முடிவு செய்யும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இத்தனை உயிர்ப் புள்ளி என்று கணக்கு உண்டு. அது பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் சாய்ந்துவிடுவான். மந்திரத்துக்கும் அதே கணக்குதான். நம்ம ஊர் கதைகளுக்கு இது புதிதில்லை. இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தைக் கர்ணன் ஒரே ஒரு முறைதான் எறியலாம் என்பதும் ஒரு மந்திர விதிதானே? அதைக் கடோற்கஜன் மேல் செலவழித்த பிறகு அர்ஜுனனுக்கு என்று மிச்சம் இல்லை.

சரி, மாடிக்கு வருவோம். நடுவர் நிரவிக்காரன். மந்திரவாதி கோட்டுச்சேரிக்காரனுடையது, இரண்டு மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தது. எதிரில் வந்த சூனியக்காரி மேஜிக் மிஸைல் என்ற மந்திரத்தை ஏவினாள். நாங்கள் அதை மந்திர அம்பு என்போம். மூன்று அம்புகள் வரும், தவறவே தவறாது. ஒவ்வொரு அம்பின் சேதமும் நான்கு முகப் பகடையில் விழும் எண்ணோடு 1 கூட்டியது. மூன்றும் மந்திரவாதி மேல். அவனிடம் இருந்தது 15 உயிர்ப் புள்ளி.

நிரவிக்காரன் பகடையை ஒரே ஒரு முறை உருட்டினான். 4 விழுந்தது. நான்கும் ஒன்றும் ஐந்து, மூன்று அம்புக்குப் பதினைந்து. மந்திரவாதி சாய்ந்தான். பக்கத்தில் நின்ற ஓநாய் இரண்டு முறை கடித்ததில் கதை முடிந்தது.

"மூணு அம்புக்கு மூணு தடவைடா உருட்டணும்" என்றான் கோட்டுச்சேரிக்காரன். "மூணும் ஒரே நேரத்துல பாயுது, ஒரு தடவைதான்" என்றான் நிரவிக்காரன். "அப்ப போன தடவை நான் விட்டப்ப மட்டும் ஏன் மூணு தடவை உருட்டச் சொன்ன?" என்று இவன் கேட்டான். அதற்கு அவனிடம் பதில் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புத்தகம் என் மடியில்தான் இருந்தது. நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கோட்டுச்சேரிக்காரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன்தான்.

யார் சொன்னது சரி என்று அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். தேடப் போன இடம் விதிப் புத்தகம், போய் நின்ற இடம் வரலாறு. இந்தக் கட்டுரை அந்தக் கதைதான்.

முதலில் கணக்கு. ஒரு தடவை உருட்டினால் என்ன, மூன்று தடவை உருட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்காக. சராசரி இரண்டு முறையிலும் ஒன்றுதான், 10.5. ஆனால் ஒரே உருட்டலில் மொத்த சேதம் 6, 9, 12, 15 என்ற நான்கில் ஒன்றாக மட்டுமே வரும், ஒவ்வொன்றுக்கும் 25 சதவீத வாய்ப்பு. மூன்று முறை உருட்டினால் மொத்தம் 64 விதமாக விழலாம். அதில் 15 வருவது ஒரே ஒரு விதத்தில். 10 அல்லது 11 வருவது 24 விதத்தில். திட்ட விலக்கம் எடுத்துப் பார்த்தால் ஒரே உருட்டலுக்கு 3.35, மூன்று உருட்டலுக்கு 1.94. புள்ளியியல் வகுப்பில் தூங்கியவர்களுக்காகச் சொல்கிறேன்: கோட்டுச்சேரிக்காரனின் மந்திரவாதி சாய்வதற்கான வாய்ப்பு ஒரு வாசிப்பில் நான்கில் ஒன்று, இன்னொரு வாசிப்பில் அறுபத்து நான்கில் ஒன்று. ஒரு வாக்கியத்துக்கு என்ன பொருள் என்பதில் பதினாறு மடங்கு வித்தியாசம்! அவன் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

இந்த விளையாட்டில் மந்திரத்துக்கு இவ்வளவு சேதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ஆச்சரியப்படுவீர்கள், பீரங்கியிலிருந்து.

போரைப் பலகையில் ஆடுவது நம் நாட்டின் பழைய பழக்கம். சதுரங்கம் என்ற பெயரே யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு படைகளைக் குறிப்பது. அதில் பகடையும் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாதது. 1030-ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, நான்கு பேர் பகடை உருட்டி ஆடும் ஒரு சதுரங்கத்தை வர்ணிக்கிறார். எந்தக் காய் நகரலாம் என்பதைப் பகடையில் விழும் எண் சொல்லும். ஆனால் வெட்டப்பட்ட காய் போயே போச்சு. கால் வாசி செத்த யானை, பாதி உயிரோடு இருக்கும் குதிரை என்று எதுவும் கிடையாது.

அந்தப் 'பாதி உயிர்' கணக்கு பிரஷ்யாவில் வந்தது. 1812-ல் ஃபான் ரைஸ்விட்ஸ் என்பவர் ஒரு போர் விளையாட்டை அரசர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியத்துக்குக் காட்டினார். அவருடைய மகன், பீரங்கிப் படை அதிகாரி, அதைச் செதுக்கி 1824-ல் விதிப் புத்தகமாக வெளியிட்டார். பெயர் க்ரீக்ஸ்ஷ்பீல், அதாவது போர் ஆட்டம். உண்மையான வரைபடத்தின் மேல் படைகளைக் குறிக்கும் கட்டைகள். எந்தத் தூரத்தில் எந்த ஆயுதம் சுட்டால் எவ்வளவு இழப்பு என்பதற்குப் பகடை. படைப்பிரிவு ஒரே அடியில் மறையாமல் புள்ளி புள்ளியாகக் குறையும். இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர். இன்றைய உயிர்ப் புள்ளிக்கும் டன்ஜன் மாஸ்டருக்கும் தாத்தா இதுதான்.

அதன் பிறகு நடந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். விதிகள் பெருகிப் பெருகி, ஒரு குண்டு விழுந்தால் நான்கு அட்டவணை பார்க்க வேண்டிய நிலை வந்தது. இளம் அதிகாரிகள் போரைக் கற்பதை விட்டுவிட்டு அட்டவணையைக் கற்றார்கள். 1876-ல் வெர்டி டு வெர்ன்வா என்ற பிரஷ்ய அதிகாரி ஒரு புத்தகம் எழுதினார். அட்டவணையும் வேண்டாம், பகடையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் நிலைமையைப் பார்த்து முடிவு சொல்லட்டும் என்பது அவர் கட்சி. இதற்கு 'சுதந்திர' ஆட்டம் என்று பெயர், பழையது 'கறார்' ஆட்டம். எழுத்தை நம்புவதா, ஆளை நம்புவதா? எங்கள் மாடியில் நடந்த அதே சண்டை அப்போதே மீசை வைத்த ஜெனரல்களுக்குள் நடந்திருக்கிறது :-)

அங்கிருந்து அமெரிக்கா. டாட்டன் என்ற ராணுவ அதிகாரி 1880-ல் வெளியிட்ட ஸ்ட்ராடகோஸ் என்ற போர் விளையாட்டுப் புத்தகம், பல பத்தாண்டுகள் கழித்து மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் கையில் கிடைத்தது. நடுவருக்கு எதையும் தீர்மானிக்கும் அதிகாரம் உண்டு என்ற யோசனையை எடுத்துக்கொண்டு 1969-ல் அவர் பிரவுன்ஸ்டைன் என்ற ஆட்டத்தை நடத்தினார். அதில் ஒவ்வொருவரும் படையை அல்ல, ஒரு தனி மனிதரை ஆடினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் டேவ் ஆர்னசன்.

அதே காலத்தில் விஸ்கான்சினில், லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் கேரி கைகாக்ஸ். அவரும் ஜெஃப் பெரனும் சேர்ந்து 1971-ல் செயின்மெயில் என்ற போர் விளையாட்டை வெளியிட்டார்கள். இடைக்காலப் பொம்மைப் படைகளுக்கான விதிகள். கடைசியில் ஒரு பின்னிணைப்பு: டிராகன், பூதம், மந்திரவாதி எல்லாம் வந்தால் எப்படி ஆடுவது என்று. மந்திரவாதி ஃபயர்பால் எறிந்தால் அது எவ்வளவு இடத்தைத் தாக்கும்? பெரிய கவண்பொறி தாக்கும் அளவு. மின்னல் ஏவினால்? கனமான களப் பீரங்கிக்குச் சமம். மந்திரவாதி என்பவர் தொப்பி போட்ட பீரங்கி, அவ்வளவுதான். புதிதாக விதி எழுத நேரம் இல்லாத மனிதர், கையில் இருந்த பீரங்கி விதிக்கு மந்திரம் என்று பெயர் வைத்துவிட்டார்!

1974-ல் கைகாக்ஸும் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். ஒரு பெட்டியில் மூன்று சின்னப் புத்தகங்கள், முதல் அச்சு 1000 பிரதிகள். ஃபயர்பால் இப்போது பீரங்கியைவிட்டு ஆளோடு வளர்ந்தது: ஆறாம் நிலை மந்திரவாதி எறிந்தால் ஆறு பகடை, பத்தாம் நிலை என்றால் பத்து பகடை சேதம். ஆனால் வெடிக்கும் ஆரத்தை இரண்டு அங்குலம் என்று எழுதியிருந்தார்கள். பொம்மைப் படை மேசையில் அங்குலம் சரி. கதைக்குள் ஒரு அங்குலம் என்றால் எவ்வளவு? சுரங்கத்துக்குள் பத்து அடி, வெட்டவெளியில் பத்து கெஜம் என்பது அந்தப் புத்தகத்தின் அளவுகோல். அப்படியானால் வெளியில் வெடிக்கும் நெருப்பு, சுரங்கத்தில் வெடிப்பதைவிட மூன்று மடங்கு அகலமா? ஒரே மந்திரம், ஒரே ஆள், இடம் மாறினால் ஆரம் மாறுமா? விளையாடியவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

1978-ல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் கைகாக்ஸ் எல்லாவற்றையும் இறுக்கி எழுத முயன்றார். ஃபயர்பால் சுமார் 33,000 கன அடியை நிரப்பும் என்றார். இருபது அடி ஆரமுள்ள கோளத்தின் கன அளவு கிட்டத்தட்ட அதுதான். அந்தக் கன அளவு கிடைத்த இடத்தின் வடிவத்துக்கு ஏற்ப நீளும் என்பதும் விதி. இப்போது பத்து அடி அகலம், பத்து அடி உயரம் உள்ள சுரங்க வழியில் எறியுங்கள். 33,000-ஐ 100-ஆல் வகுத்தால் 330 அடி நீளத்துக்கு நெருப்பு ஓடும். எறிந்தவனையே திரும்பி வந்து சுடும். தெளிவாக எழுதினால் சண்டை தீரும் என்பது எவ்வளவு பெரிய மூடநம்பிக்கை பாருங்கள். எழுத்து தெளிவானதால் சண்டையும் தெளிவானது, அவ்வளவுதான். பின்னால் 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பத்து பகடைக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு போட்டார்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் நெருப்பு நீளுவதை நிறுத்தினார்கள். 2014-ல் ஆளின் நிலை எதுவானாலும் அடிப்படைச் சேதம் எட்டுப் பகடை என்று மாற்றினார்கள்.

இனி நம் மந்திர அம்பு. இது முதல் பெட்டியில் கிடையாது. 1975-ல் வந்த கிரேஹாக் என்ற துணைப் புத்தகத்தில் அறிமுகம். அம்பு மாதிரி பாயும், சேதம் 2 முதல் 7 வரை. குறி பார்த்து எய்த வேண்டுமா, தானாகப் படுமா? அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. 1977-ல் வந்த தொடக்கநிலைப் புத்தகம், சாதாரண அம்பு போலவே குறிக்குப் பகடை உருட்டு என்றது. அடுத்த வருடமே 1978 பதிப்பு, தவறாமல் படும் என்றது. சேதத்தையும் 2 முதல் 5 என்று குறைத்தது. 2008-ல் வந்த நான்காம் பதிப்பு மறுபடியும் குறிக்கு உருட்டு என்றது. ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள், 2010-ல் தவறாமல் படும் என்று திருத்தினார்கள். 2014-ல் மூன்று அம்பும் ஒரே நேரத்தில் தாக்கும் என்று ஒரு வரி சேர்ந்தது. எங்கள் மாடியில் இருந்தது அந்தப் பதிப்புதான்.

அந்த வரிதான் வில்லன். ஏனென்றால் அதே புத்தகத்தில் வேறொரு இடத்தில், ஒரு மந்திரம் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களைத் தாக்கினால் சேதத்துக்கு ஒரே முறை உருட்டு என்று பொது விதி இருக்கிறது. ஃபயர்பால் மாதிரியானவற்றை மனதில் வைத்து எழுதியது போலத்தான் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அம்புக்கும் ஒரே உருட்டல். ஆனால் மூன்று அம்பும் ஒரே ஆள் மேல் விழும்போது 'ஒன்றுக்கு மேற்பட்டவர்' எங்கே இருக்கிறார்? அப்போது அந்த விளையாட்டின் தலைமை விதி வடிவமைப்பாளராக இருந்த ஜெரமி கிராஃபோர்ட், ஒரே உருட்டல்தான் என்ற பக்கம் விளக்கம் சொன்னார். ஏராளமான மேசைகளில் அதைக் கேட்காமல் மூன்று பகடையைத்தான் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, புத்தகப்படி நிரவிக்காரன் ஜெயித்துவிட்டான். கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. என்ன என்று அம்மாச்சியிடம் பேசும்போதுதான் புரிந்தது.

அம்மாச்சிக்கு டிராகன் எல்லாம் தெரியாது, தாயம் தெரியும். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் முகம் என நான்கு பக்கம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. தாயம் போட்டால்தான் காய் இறங்கும். இதுவரை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அதற்கு மேல் வீட்டுக்கு வீடு விதி மாறும். ஒரு காயாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போகலாமா? ஒரே கட்டத்தில் இரண்டு காய் நின்றால் வெட்டலாமா? அம்மாச்சி பிறந்த வீட்டில் ஒரு விதி, புகுந்த வீட்டில் வேறு விதி. "அப்ப எது அம்மாச்சி சரி?" என்று கேட்டேன். "எது வேணா சரிதான் தம்பி. கட்டை உருட்டறதுக்கு முன்னாடி சொல்லிடணும். உருட்டின பின்னாடி சொன்னா அது அழுகுணி ஆட்டம்" என்றார்.

பிரஷ்ய ஜெனரல்கள் பக்கம் பக்கமாக எழுதியும் எனக்குப் புரியாததை அம்மாச்சி ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள், நம் நாட்டின் மிகப் பிரபலமான சூதாட்டத்தில் எழுந்த கேள்வியும் இதைச் சேர்ந்ததுதான். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் கூத்து பார்த்தவர்களுக்கு அந்தச் சபை தெரியும். நாம் துகிலுரிதலை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன் அவள் கேட்ட கேள்வியை மறந்துவிடுகிறோம். தேரோட்டி வந்து அழைத்தபோது அவள் அழவில்லை. திரும்பிப் போய் ஒன்று கேட்டு வா என்றாள்: தருமன் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னை முதலில் தோற்றிருந்தால் அவன் அடிமை. அடிமைக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? இது சுத்தமான விதிக் கேள்வி. எது முன், எது பின் என்ற கேள்வி. அதன் மேல் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையும் நிற்கிறது.

சபையில் விதி தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று சொல்லிவிட்டு, இல்லாதவன் பிறர் பொருளைப் பணயம் வைக்க முடியாது, ஆனாலும் மனைவி கணவன் வசம் இருப்பவள், என்னால் முடிவு சொல்ல இயலவில்லை என்று நிறுத்திக்கொண்டார். துணிந்து அவள் பக்கம் பேசியது கௌரவர்களில் ஒருவனான விகர்ணன். அவனைக் கர்ணன் அதட்டி உட்கார வைத்தான். பகடை விழுந்து முடிந்த பிறகு விதி பேசினால், ஜெயித்தவனுக்கு எது வசதியோ அதுதான் விளக்கமாக நிற்கும். பெரியவர்கள் பேசாமல் இருந்தார்கள். பேசாமல் இருப்பதும் ஒரு தீர்ப்புதான். அது எப்போதும் பலமானவனுக்குச் சாதகமான தீர்ப்பு. பாரதியார் இந்தச் சபையை மறுபடி எழுதிய பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-ல் வெளிவந்தபோது அவர் புதுச்சேரியில் இருந்தார், நம்மைப் போல அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரில்.

விளையாட்டைப் பற்றி எழுதுகிறாய், எங்கெங்கோ போகிறாயே என்று கேட்காதீர்கள். நாங்கள் பி.காம் பிள்ளைகள், வரிச் சட்டத்தில் இதே கதையைப் படிக்கிறோம். 2007-ல் வோடஃபோன் நிறுவனம் ஹட்சிசனின் இந்தியத் தொலைபேசி வணிகத்தை வெளிநாட்டில் நடந்த ஒரு பங்குப் பரிமாற்றம் வழியாக வாங்கியது. இதற்கு இந்தியாவில் வரி உண்டா என்பது வழக்கு. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இருக்கும் சட்டப்படி கிடையாது என்றது. அதே ஆண்டு நிதிச் சட்டத்தில், 1962 முதலே அந்தச் சட்டத்துக்கு இதுதான் பொருள் என்று முன்தேதியிட்டு ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. ஐம்பது வருடத்துக்கு முன் உருட்டிய பகடைக்கும் சேர்த்து விதி! கடைசியில் 2021-ல் நாடாளுமன்றம் தானே அந்த முன்தேதியிட்ட வரியைக் கைவிட்டது. பெரிய நிறுவனங்களுக்கு வரி போடலாமா கூடாதா என்பது வேறு விவாதம். எந்த நாளிலிருந்து என்பதுதான் இங்கே விஷயம்.

அதே 1962-க்குக் காரைக்காலில் வேறு ஒரு பொருள் உண்டு. 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர் இது. இடையில் 1760-ல் பிரிட்டிஷ்காரர்கள் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள், நிஜ பீரங்கியோடு. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று. ஊரின் மொத்த விதிப் புத்தகமும் மாறுகிற நாள். அந்த ஒப்பந்தத்தில் இங்கே பிறந்து இங்கே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் எழுத்து மூலம் தெரிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். தெரிவிக்காவிட்டால் இந்தியக் குடிமக்கள். இன்றைக்கும் நம் ஊரில் அந்த ஒரு கையெழுத்தால் ஒரு கிளை பாரிஸிலும் ஒரு கிளை இங்கேயுமாக இருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். போட்டதும் போடாததும் சரியா தவறா என்று வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பேசிக்கொள்வார்கள். ஆறு மாதம் போதுமா, கிராமத்தில் எத்தனை பேருக்கு விவரம் போய்ச் சேர்ந்தது என்றெல்லாம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் முன்கூட்டியே சொன்ன விதி அது. முடிந்துபோன ஒன்றின் மேல் பின்னால் போர்த்திய விதி அல்ல.

மறுபடி மந்திரத்துக்கு வருகிறேன். விதி சொல்பவர்கள் மூன்று விதம். எழுத்தில் உள்ளதே விதி என்பவர்கள். எழுதியவர் மனதில் நினைத்ததே விதி என்பவர்கள். மேசையில் நடுவர் சொல்வதே விதி என்பவர்கள். ஐம்பது வருடப் புத்தகங்களைப் புரட்டியதில் மூவரும் மாறி மாறி ஜெயித்திருக்கிறார்கள். எழுதியவரே அடுத்த பதிப்பில் மனம் மாறியிருக்கிறார். அதனால் எந்த வாசிப்பு சரி என்பதற்கு நிரந்தரமான பதில் கிடையாது, அந்தந்தப் பதிப்புக்கும் அந்தந்த மேசைக்கும்தான் பதில். நிரந்தரமான ஒன்று எப்போது சொல்கிறோம் என்பது. அதைக்கூட ஒரு பதிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் மந்திர அம்புக்கு ஒரு நிபந்தனை: எந்த அம்பு யார் மேல் என்பதைச் சேதத்துக்கு உருட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். என் அம்மாச்சி சொன்னதேதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல முடியுமா? பத்து அடிச் சுரங்கத்தில் நெருப்பு 330 அடி ஓடும் என்பது எறியும் வரை யாருக்குத் தோன்றும்? உண்மைதான். எதிர்பாராத கேள்வி பகடை விழுந்த பிறகுதான் வரும். அப்போது நடுவர் ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அப்போதும் ஒரு வழி இருக்கிறது. இந்த முறை, யார் அதிகமாக இழப்பாரோ அவருக்குச் சாதகமாக. அடுத்த முறையிலிருந்து புதிய விதி, இரு தரப்புக்கும். எங்கள் மாடியில் நிரவிக்காரன் செய்த தவறு ஒரே பகடையை உருட்டியது அல்ல. அன்றுவரை மூன்று முறை உருட்டிய மேசையில், ஆளைச் சாய்க்கும் உருட்டலில் மட்டும் விதியை மாற்றியது. வேண்டுமென்றே செய்தான் என்று நான் நினைக்கவில்லை. அன்று மத்தியானம்தான் அந்தப் பொது விதியைப் படித்திருக்கிறான். படித்த உற்சாகத்தில் உருட்டிவிட்டான்.

என் தவறு அதைவிடப் பெரியது. போன ஆட்டத்தில் மூன்று முறை உருட்டியது எனக்கும் நினைவிருந்தது. "இன்னைக்கு மட்டும் பழையபடி உருட்டு, அடுத்த வாரத்துலேருந்து ஒண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். புத்தகத்தைப் பார்ப்பது போல் நடித்தேன். பீஷ்மராவது தர்மம் நுட்பமானது என்று ஏதோ சொன்னார், நான் அதுகூடச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நிரவிக்காரனைக் கூட்டிக்கொண்டு கோட்டுச்சேரிக்குப் போனேன். முதல் பத்து நிமிடம் மூன்று பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் நான் மேலே உள்ள கணக்கைக் காட்டினேன், நாலில் ஒன்று, அறுபத்து நாலில் ஒன்று. நிரவிக்காரன் அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வித்தியாசம்னு தெரியாதுடா" என்றான். கோட்டுச்சேரிக்காரன் சிரிக்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. "மந்திரவாதிய உயிரோட குடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

குடுப்போம் என்று நிரவிக்காரன் சொன்னான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் முதல் வரி எழுதி வைத்திருக்கிறோம்: மூன்று அம்புக்கு மூன்று பகடை, எல்லாருக்கும், இன்று முதல். கீழே நிறைய இடம் விட்டிருக்கிறோம். இந்த ஞாயிறு அவன் வருவானா தெரியவில்லை, வந்தால் இரண்டாவது வரியை அவன்தான் எழுத வேண்டும்.

உங்கள் வீட்டுத் தாயத்தில் வெட்டாமல் உள்ளே போகலாமா? சொல்லிவிட்டுப் போங்கள், அம்மாச்சி கேட்கச் சொன்னார்.